ஹெக்ஸ்: டிரா ஆகவே முடியாத ஆட்டம்

ஹெக்ஸின் விதிகளைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். வரிசைக்கு 11 வீதம் 11 வரிசைகள், ஆக 121 அறுகோணக் கட்டங்கள். பலகை சாய்சதுர வடிவம். எதிரெதிரான இரு விளிம்புகள் சிவப்புக்கு, மற்ற இரண்டும் நீலத்துக்கு. முறை வரும்போது காலியான ஏதாவதொரு கட்டத்தில் ஒரு காயை வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்துவதில்லை, வெட்டுவதுமில்லை. தன் இரு விளிம்புகளையும் அறுபடாத காய்த்தொடரால் முதலில் இணைப்பவருக்கே வெற்றி.

1942இல் டென்மார்க்கின் பீட் ஹெய்ன் உருவாக்கியது இது. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த ஜான் நாஷும் தனியாக இதைக் கண்டடைந்தார்.

இதில் டிரா ஏன் வராது? காரணம் கட்டத்தின் வடிவம்தான். சதுரப் பலகையில் நான்கு கட்டங்கள் ஒரு புள்ளியில் கூடும்; அங்கே குறுக்கும் மறுக்குமாக இரண்டு சிவப்பும் இரண்டு நீலமும் அமர்ந்தால் இருவர் வழியும் அடைபடும். அறுகோணப் பலகையில் ஒரு புள்ளியில் மூன்று கட்டங்களே கூடுகின்றன. பலகை முழுக்க நிரம்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சிவப்பு விளிம்பும் நீல விளிம்பும் சேரும் ஒரு மூலையில் தொடங்கி, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம் இருக்கும்படி கட்டங்களின் எல்லைக்கோட்டிலேயே நடங்கள். எதிரே வருவது சிவப்புக் கட்டமானால் வலப்பக்கம் திரும்பலாம், நீலமானால் இடப்பக்கம். வழி எங்கும் முட்டாது, வந்த புள்ளிக்கு மீண்டும் வராது. ஆகவே வேறொரு மூலையில் வெளியேறியே தீர வேண்டும். அப்போது உங்கள் ஒரு பக்கத்தில் நெடுக வந்த காய்கள் எதிரெதிர் விளிம்புகளை இணைத்திருக்கும். இவ்வளவு எளிய விதிக்குள் இப்படியொரு உறுதி ஒளிந்திருப்பதுதான் ஹெக்ஸின் அழகு.

இதிலிருந்து நாஷ் இன்னொன்றை நிறுவினார். இரண்டாமவருக்கு வெல்லும் உத்தி ஒன்று இருக்கிறது என்று கொண்டால், முதலாமவர் எங்காவது ஒரு காயை வைத்துவிட்டு அதே உத்தியைத் தானே கையாளலாம். கூடுதல் காயால் இந்த ஆட்டத்தில் கெடுதல் வராது. ஒரே ஆட்டத்தில் இருவரும் சேர்ந்து வெல்ல முடியாது, டிராவும் வராது என்பதால், வெல்லும் உத்தி முதலாமவரிடமே இருக்க வேண்டும். அது எந்த உத்தி என்பதை மட்டும் இந்த வாதம் சொல்லாது. 9×9 பலகைக்கு எல்லா முதல் காய்களின் முடிவையும் கணினி கண்டுவிட்டது. 11×11 இன்னும் பிடிபடவில்லை.

முதலாமவரின் இந்தச் சாதகத்தைக் குறைக்க மாற்று விதி உண்டு. முதல் காய் விழுந்ததும், பக்கத்தை மாற்றிக்கொள்வதா என்று இரண்டாமவர் முடிவு செய்வார். ஒருவர் பங்கு பிரிக்க, மற்றவர் எடுத்துக்கொள்வது போல. எனவே நடுக்கட்டத்தில் தொடங்காதீர்கள், உடனே பறிபோகும்.

ஆடும்போது உயிர்நாடி 'பாலம்'. ஒன்றையொன்று தொடாத உங்கள் இரு காய்களையும் ஒட்டியபடி இரண்டு காலிக் கட்டங்கள் இருந்தால் அவை இணைந்ததற்குச் சமம்: எதிராளி ஒன்றில் புகுந்தால் நீங்கள் மற்றதில் வைப்பீர்கள். விளிம்பிலிருந்து இரண்டாம் வரிசையில் உள்ள காயும், கீழே இரு கட்டங்கள் காலியாக இருந்தால், விளிம்போடு சேர்ந்ததாகவே கணக்கு. புதியவர்கள் வழுக்குவது இரண்டு இடங்களில். எதிராளியின் காயை ஒட்டியே தடுக்கிறார்கள். அவர் பக்கவாட்டில் விலகிப் போய்விடுவார். சற்றுத் தள்ளி நின்று தடுக்க வேண்டும். அடுத்து, இரு பாலங்கள் ஒரே காலிக் கட்டத்தைப் பகிரும்படி விடுகிறார்கள். அங்கே எதிராளி வைக்கும் ஒற்றைக் காய் இரண்டையும் தாக்கும். உங்களால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.