குமாஸ்தா, எழுத்தர், நிர்வாக உதவியாளர்: ஒரு சொல் விளக்கம்

குமாஸ்தா என்ற சொல் எழுத்து வழக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் சென்னை உயர்நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் அரண்மனைக்காரன் தெருவிலும் அது இன்றும் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. (அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மேனிய வணிகர் வாழ்ந்த தெருவின் பெயர் தமிழ் நாவில் அப்படித் திரிந்தது.) வழக்கறிஞரின் அறையில் வக்காலத்தைச் சரிபார்ப்பவரும், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டுபவரும், மனுவைத் தாக்கல் செய்து எண் வாங்கி வருபவரும், அடுத்த வாய்தா என்றைக்கு என்று கட்சிக்காரருக்குச் சொல்பவரும் அங்கே ‘வக்கீல் குமாஸ்தா’ என்றே அழைக்கப்படுகிறார். அதே மனிதர் அரசு அலுவலகத்தில் இருந்தால் இளநிலை உதவியாளர். தனியார் நிறுவனத்தில் இருந்தால் அட்மின் அசிஸ்டெண்ட். இம்மூன்று பெயர்களுக்கும் உள்ள உறவையும், அவற்றுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் எது என்பதையும் இங்கே பார்க்கலாம்.

குமாஸ்தா பாரசீகச் சொல். ‘குமாஷ்தன்’ என்னும் வினைக்கு நியமித்தல், ஒரு வேலையை ஒருவர் பொறுப்பில் விடுதல் என்று பொருள். அதன் எச்ச வடிவமான ‘குமாஷ்தா’ நியமிக்கப்பட்டவர், பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்பதைக் குறிக்கும். இச்சொல்லின் பிறப்பில் எழுதுதல் என்ற கருத்தே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் ஆகியோரின் வருவாய் நிர்வாகத்தோடு தாசில்தார், சிரஸ்தார், வசூல், ஜமாபந்தி, பசலி எனத் தமிழுக்குள் வந்து நிலைத்த பாரசீக, அரபுச் சொற்களின் கூட்டத்தில் இதையும் சேர்க்கலாம். வட இந்தியாவில் பெருவணிகரின் சார்பாக வேறோர் ஊரில் தங்கிச் சரக்கு வாங்கி விற்கும் முகவருக்கே இப்பெயர் வழங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1753இல் வங்காளத்தில் இடைத்தரகு வணிகர்களை விலக்கிவிட்டு, நெசவாளர்களிடம் நேரடியாகத் துணி வாங்கச் சம்பளத்துக்கு அமர்த்திய ஆட்களையும் குமாஸ்தா என்றே அழைத்தது. மும்பையில் கடை வைக்கப் பெறும் பதிவுச் சான்றினை மக்கள் ‘குமாஸ்தா லைசென்ஸ்’ என்று இன்றும் சொல்வது அந்தப் பழைய வணிகப் பொருளின் எச்சமே.

சென்னையிலும் கம்பெனியின் உயிர்நாடி துணி வணிகம்தான். துணி வெளுப்பவர்கள் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும், ஆளுநர் ஜோசப் காலெட் 1717க்கும் 1720க்கும் இடைப்பட்ட தம் ஆட்சிக்காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டையும் அந்த வணிகத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள். அங்கெல்லாம் வெள்ளையருக்கும் உள்ளூர் மக்களுக்கும் நடுவே நின்றவர்கள் துபாஷிகளும் கணக்கப்பிள்ளைகளும் ஆவர். துபாஷி என்றால் இருமொழி அறிந்தவர். கணக்கப்பிள்ளை என்ற சொல்லை ஆங்கிலேயர் ‘கானிகோப்பொலி’ என்று தம் ஆவணங்களில் எழுதி வைத்தனர். ஆக, தமிழகத்தில் இந்த வேலைக்கு ஆள் இல்லாமலோ பெயர் இல்லாமலோ குமாஸ்தா என்ற சொல் வரவில்லை. இருந்த பெயர்களின் மேல் அது வந்து அமர்ந்தது.

சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஆணையை ஓலையில் பதிபவர் ‘திருமந்திர ஓலை’. அவருக்கு மேலிருப்பவர் ‘திருமந்திர ஓலை நாயகம்’. நிலவரிக் கணக்கைக் கையாள ‘புரவுவரித் திணைக்களம்’ என்று ஒரு துறையே இருந்தது. ‘வரிப்பொத்தகம்’ என்பது வரிப் பதிவேட்டின் பெயராகவும் அதைப் பேணும் அலுவலரின் பெயராகவும் வருகிறது. அரசனுக்குத் துணைநின்ற எட்டுக் குழுக்களான எண்பேராயத்தை உரையாசிரியர்கள் வரிசைப்படுத்தும்போது கரணத்தியலவரை முதலில் வைக்கிறார்கள். கரணம் என்பது கணக்கும் ஆவணமும் சார்ந்த தொழில். ஊர்க் கணக்கரான கர்ணம் என்ற பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் பதவி வரும்வரை, அந்தச் சொல்லும் நம்மிடையே இருந்தது.

‘எழுத்தர்’ என்பது கிளார்க் என்பதற்கு நேராக இன்று வழங்கும் தமிழ்ச்சொல். கிளார்க் என்ற ஆங்கிலச் சொல் சமயகுருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்களே என்பதால் எழுதுபவருக்கு அப்பெயர் ஆயிற்று. எழுத்தர் என்ற தமிழ்ச்சொல்லோ கம்பெனியின் ‘ரைட்டர்’ பதவியையும் நினைவூட்டுகிறது. கம்பெனி ஊழியத்தின் கடைசிப் படிக்கட்டு அது. ராபர்ட் கிளைவ் 1744இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தது ரைட்டராகத்தான். தமிழகக் காவல் நிலையங்களில் ‘ரைட்டர்’ என்ற பெயர் இன்னும் இருக்கிறது. எழுத்தர் நல்ல சொல். குறுகியது, தமிழ் இலக்கணத்துக்கு இயைந்தது. எனினும் குமாஸ்தா என்ற சொல்லில் இருந்த ‘பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்’ என்னும் பொருள் இதில் இல்லை. கை செய்யும் வேலையை மட்டும் அது சொல்கிறது.

அந்த வேலை எழுதுவதோடு நிற்பதில்லை என்பதற்கு அரசு அலுவலகத்தின் ‘தன்பதிவேடு’ ஒன்றே போதும். ஒவ்வோர் இருக்கைப் பணியாளரும் தனக்கென வைத்திருக்கும் பெரிய பதிவேடு இது. வந்த கடிதத்துக்கு அலுவலகம் இட்ட பதிவெண்ணான ந.க. எண், அனுப்பியவர், பொருள், அது கோப்பாக மேலே போன நாள், திரும்பி வந்த நாள், அடுத்து யாரிடமிருந்து பதில் எதிர்பார்க்கப்படுகிறது, நினைவூட்டு எப்போது போயிற்று என்பவையெல்லாம் அதில் வரிசையாக ஏறும். கோப்பு முடிந்தால் அதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கேயே குறிக்கப்படும்: ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. ஒருவரின் ஓய்வூதியக் கடிதம் எங்கே தேங்கி நிற்கிறது என்று கேட்டால், மேலதிகாரியால் அல்ல, தன்பதிவேட்டைச் சரியாக எழுதிய இளநிலை உதவியாளரால்தான் பதில் சொல்ல முடியும். கோப்பு என்ற சொல்லே கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது; தாளின் இடது மூலையில் துளையிட்டு நூல் கோத்துக் கட்டும் பழக்கத்தை அது அப்படியே காட்டுகிறது. ஆங்கிலத்துக்குத் தமிழில் இணை தேடியவர்களின் மிகச் சிறந்த ஆக்கங்களுள் இதையும் ஒன்றாகக் கருதுகிறேன்.

ராஜாஜி சாலையில் சுங்க இல்லத்தையும் துறைமுகத்தையும் நம்பி இயங்கும் சரக்கு முகவர் அலுவலகங்களில் இதே வேலை வேறு உடையில் நடக்கிறது. இறக்குமதிப் பட்டியலில் சரக்கின் எடையும் பெட்டி எண்ணும் கப்பல் நிறுவனத்தின் ஆவணத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும், சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வாங்குவதும் அங்குள்ள உதவியாளரின் பொறுப்பு. ஓர் எண் மாறினால் சரக்கு நின்றுவிடும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

இந்தப் பணிக்கான பயிற்சி வடசென்னையில் நெடுங்காலமாகத் தட்டச்சுப் பயிலகங்களில் தொடங்கிவந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்றும் தமிழில் ‘ய ள ன க ப க’ என்றும் முதல் பாடம் அடிக்காத பயிலகம் இல்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் வேகம் வேண்டும். பேச்சில் இவற்றை லோயர், ஹையர் என்பர். வேகத்தாள் ஒன்றிருக்க, கடிதமும் அட்டவணையும் அடிக்கும் தாள் தனியே உண்டு. சுருக்கெழுத்தில் இளநிலைக்கு 80 சொற்கள், முதுநிலைக்கு 120. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுச் சான்று வேண்டும். இரண்டில் ஒன்றேனும் முதுநிலையாக இருக்க வேண்டும். இவற்றோடு கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழும், தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி இயக்குதலும் நிரலாக்க உதவியும் கற்பிக்கும் ஓராண்டு கோபா பிரிவும் சேர்ந்திருக்கின்றன. அரசுப் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர் பவானிசாகரிலுள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார். அலுவலக நடைமுறை முறையாகக் கற்பிக்கப்படுவது அங்கேதான். தனியார் அலுவலகத்தில் அப்படி ஒரு பயிற்சி பெரும்பாலும் இல்லை. மூத்தவர் அருகில் அமர்ந்து பார்த்துப் பழக வேண்டியதுதான். இது பெரிய குறை என்பதே என் கருத்து. விரல் வேகத்தை அளக்கத் தேர்வு வைத்திருக்கிறோம். ஒரு கடிதத்தைப் படித்து அதன் பொருளை ஒரே வரியில் எழுதத் தெரிகிறதா என்பதைத் தனியார் துறையில் யாரும் சோதிப்பதில்லை.

இனி, இணைச்சொல். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தபின் பதவிப் பெயர்கள் தமிழாக்கப்பட்டன. உதவியாளர், இளநிலை உதவியாளர், கண்காணிப்பாளர் என்பவை நிலைத்தன. பியூன் என்ற பெயரை மாற்றி ‘அலுவலக உதவியாளர்’ என்று அரசு அழைத்தது மதிப்புக்குரிய செயல். ஆனால் அதனால் ஒரு சிக்கலும் உண்டு. ஆபீஸ் அசிஸ்டெண்ட் தேவை என்று தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ ஒட்டப்படும் விளம்பரத்தைப் பார்த்துத் தட்டச்சும் கணினியும் கற்ற பெண் போனால், அங்கே தேவைப்படுவது தேநீர் வாங்கி வரவும் வங்கிக்குப் போய்வரவும் ஓர் ஆள் என்று தெரியவருவது உண்டு. இரண்டும் மதிப்புள்ள வேலைகளே; ஆனால் அவற்றுக்கான பயிற்சியும் ஊதியமும் வேறு.

இலங்கைத் தமிழில் கிளார்க்கை ‘எழுதுவினைஞர்’ என்பர். பொதுநிர்வாகத்தில் ‘முகாமைத்துவ உதவியாளர்’ என்ற பதவிப் பெயரும் உண்டு. மலேசியத் தோட்டங்களில் ‘கிராணி’ என்றார்கள். எழுதுவினைஞர் அழகான ஆக்கமாயினும், எழுத்தரைப் போலவே எழுதுவதோடு நின்றுவிடுகிறது. மேனேஜ்மென்ட் என்பதைக் குறிக்கும் முகாமைத்துவம் தமிழகத்தில் புழக்கத்தில் இல்லாதது.

ஆகவே, கடிதம், கோப்பு, நாட்குறிப்பு, கூட்ட ஏற்பாடு, பதிவேடு ஆகியவற்றைப் பொறுப்பேற்று நடத்துபவருக்கு ‘நிர்வாக உதவியாளர்’ என்பதே இன்று பொருத்தமானது. நிர்வாகம் வடசொல் என்பதால் தயங்குவோர் ‘ஆளுகை உதவியாளர்’ என்று எழுதலாம். ஆனால் விளம்பரத்தில் அது எளிதில் விளங்காது. ‘அலுவலக’ என்ற அடை வேண்டுமெனில் ‘அலுவலக நிர்வாக உதவியாளர்’ என்று முழுமையாக எழுத வேண்டும். நடுவில் உள்ள சொல்லை இடம் போதவில்லை என்று நீக்கினால் வேறொரு பதவியாகிவிடும். ஆவணங்களைப் படியெடுத்துப் பதிவது மட்டுமே வேலையாயின் எழுத்தர் போதும். கணக்கு மட்டுமாயின் கணக்கர். வக்கீல் குமாஸ்தாவை மட்டும் மாற்றத் தேவையில்லை. அவர் இன்றும் மற்றொருவர் சார்பாகப் பொறுப்பேற்று நீதிமன்றத்தில் நிற்பவர்; பாரசீகச் சொல்லின் மூலப்பொருள் அவரிடம் சிதையாமல் இருக்கிறது.