மடை திறக்கப் போகாத கணவர்

தலைவலி, தூக்கமின்மை, உடம்பு வலி என்று மனநலப் பிரிவுக்கு வரும் விவசாயக் குடும்பத்துப் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "பால் கறப்பது யார், வயலுக்குத் தண்ணீர் பார்ப்பது யார்?" என்பதுதான். "இப்போ எல்லாம் நான்தான் டாக்டர்" என்று சொன்னால், அடுத்து கணவரைப் பற்றி விசாரிப்பேன்.

விவசாயிக்கு வரும் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளியே தெரியாது. வேலையில்தான் தெரியும். நாற்று முற்றிக்கொண்டிருக்கும், நடவுக்கு ஆள் சொல்லியிருக்க மாட்டார். மடை திறக்கப் போக மாட்டார். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொள்வார், ஆனால் விடிந்த பிறகும் எழ மாட்டார். ஊர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய் இது.

மனைவியின் பாட்டைச் சொல்லி முடியாது. சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, களையெடுக்கும் ஆட்களோடு வயலில் நிற்க வேண்டும். குழுக்கடன் தவணையையும் கட்ட வேண்டும். இதற்கு நடுவே உறவினர்களிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று சமாளிப்பதுதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. தாயோ, அண்ணனோ, நம்பிக்கையான ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

வேலை விஷயத்தில் சிலர் கணவரைத் திட்டித் துரத்துகிறார்கள், சிலர் ஒரு வேலையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாலும் பலன் இல்லை. "வயலைப் பாருங்க" என்பது அவருக்கு இப்போது மலை. "வாங்க, கன்றுக்குட்டியை மாற்றிக் கட்டிட்டு வருவோம்" என்பது முடிகிற காரியம். தினமும் அதே நேரம், கூடவே நீங்கள். மாடு இருக்கும் வீட்டில் இது கொஞ்சம் சுலபம், அது நேரத்துக்குக் கத்தி அழைத்துவிடும்! அப்புறம், மாட்டையோ நிலத்தையோ விற்கும் முடிவை அவர் தேறும்வரை தள்ளிப்போடுங்கள்.

மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும்.

மிக அவசரமாகச் செய்ய வேண்டியது, பூச்சிமருந்தை வீட்டை விட்டு அகற்றுவது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பூட்டுள்ள பொதுக் கிடங்கில் வைக்கும் முறையை சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. உங்கள் ஊரில் கிடங்கு இல்லையென்றாலும், மீதி மருந்தைப் பங்காளி வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லலாம். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். எலி மருந்தும் வீட்டில் வேண்டாம். தற்கொலை எண்ணம் நெருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். உங்கள் தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு, அவரை எப்படி அழைத்து வருவது என்பதையும் சேர்ந்தே யோசிக்கலாம்.