வலிப்பு தானாகவே எப்படி நிற்கிறது?

வலிப்பு வந்தவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் "பத்து நிமிஷம் துடிச்சார்" என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் அடங்கியிருக்கும், அதுவும் யாரும் எதுவும் செய்யாமலே. எப்படி?

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அவற்றைத் தூண்டிவிடும். காபா என்பது அடக்கி வைக்கும். அடக்கும் பக்கம் தளர்ந்தால், ஏராளமான அணுக்கள் ஒரே தாளத்தில் மின்துடிப்பை வெளியிடத் தொடங்கும். மூளையின் ஒரு மூலையோடு அது நின்றால் ஒரு கை மட்டும் இழுக்கலாம்; அல்லது ஆள் வெறித்துப் பார்த்தபடி சப்புக்கொட்டலாம். மூளை முழுக்கப் பரவினால் நினைவிழந்து விழுவார்.

விழும்போது சிலர் போடும் அலறலுக்கு வலி காரணமில்லை. மார்புத் தசைகள் சட்டென்று இறுகி, குரல்நாண் வழியே காற்றைத் தள்ளும் சத்தம் அது. மூச்சு தடைபடுவதால் உதடு நீலம் பாரிக்கும். விழுங்காத எச்சில் நுரையாகும். விறைத்த உடம்பு சில நொடிகளில் வெட்டி வெட்டி இழுக்கும். உற்றுப் பார்த்தால், வேகமாக வந்த இழுப்புகள் போகப் போக இடைவெளி விட்டு வருவது தெரியும். அந்த இடைவெளிகளில் அடக்கும் பக்கம் மெல்ல மெல்லத் தலையெடுக்கிறது. இடைவெளி நீண்டு நீண்டு, கடைசியில் இழுப்பே நின்றுவிடும்.

தாளம் தலைக்குள் இருக்கும்போது கைகால்களை அமுக்கிப் பிடித்து என்ன பயன்? தோள்பட்டை நழுவலாம், அவ்வளவுதான். வாயில் ஸ்பூனைத் திணிப்பது இன்னும் மோசம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூட வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ மூளையின் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம், உடனே ஆம்புலன்ஸ். வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றாலும் அப்படியே.

மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர். இன்றைய இ.இ.ஜி. அதன் வாரிசுதான். ஆனால் வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாமலே போகலாம். டாக்டர் வீட்டாரைத் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான்: எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம்? ஒருவர் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தால் பெரிய உதவி. வெட்கப்பட்டு மறைக்கும் வீட்டில் இந்தத் தகவல் எதுவும் டாக்டரிடம் போய்ச் சேராது.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'இப்பதான் வருவதில்லையே' என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களுக்குத்தான் அது திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

விழாமலே வரும் வலிப்பும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும் குழந்தை பத்து நொடி வெறித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் தொடரும். கனவு காண்கிறாயா என்று வகுப்பில் திட்டு வாங்கும். டிக்டேஷன் நோட்டைப் புரட்டினால் வரிக்கு நடுவே வார்த்தைகள் விட்டுப்போயிருக்கலாம். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.