நீர்ப்பைகள் நிறைந்த சிறுநீரகம் ஸ்கேனில் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நீர் இருக்கும் இடம் கருப்பு. நிரம்பிய சிறுநீர்ப்பையும் சரி, நீர்க்கட்டியும் சரி, அப்படித்தான் தெரியும். ஆனால் குழந்தைகளுக்கு வரும் ஒரு பரம்பரை நோயில் சிறுநீரகம் முழுக்க நுண்ணிய நீர்ப்பைகள் நிறைந்திருந்தும் திரையில் அது பளீரென்று வெள்ளையாக இருக்கும்.

வயிற்றில் ஜெல் தடவி வைக்கிறார்களே, அந்தப் புரோபிலிருந்து கிளம்பும் ஒலி காதுக்குக் கேட்காது. உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போய், ஒரு திசு முடிந்து வேறொன்று தொடங்கும் இடத்திலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எதிரொலித்துத் திரும்பும், அது வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஆழத்தையும் பலத்தை வைத்து வெளுப்பையும் கருவி கணக்கிட்டுப் படமாக்கும். தெளிந்த நீருக்குள் ஒலி மோதித் திரும்ப எதுவும் இல்லை. அதனால்தான் கருப்பு.

அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்புள்ள நீர்க்கட்டி நோயில் (பெரும்பாலும் பிகேடி1 அல்லது பிகேடி2 மரபணுக் கோளாறு) இந்தக் கருப்பு வட்டங்களைத் தனித்தனியாகவே பார்க்கலாம்.

திரையில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் குழந்தைகளின் நோய் இன்னொரு வகை. இதில் பெற்றோர் இருவரும் நோயில்லாமல் பிகேஹெச்டி1 மரபணுவின் கோளாறைச் சுமப்பவர்கள், இருவரிடமிருந்தும் அது வந்து சேரும் குழந்தைக்குத்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் சிறுநீரைச் சேகரிக்கும் குழாய்கள் வீங்குகின்றன. பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் எண்ணிக்கை ஏராளம், அத்தனை சுவர்களும் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. நிறமற்ற தண்ணீர் நுரைத்தால் வெள்ளையாகிறதே, அதே கதைதான். இரண்டு சிறுநீரகங்களும் பெருத்து, வெளுத்து, புறணிக்கும் (சிறுநீரகத்தின் வெளிப்பகுதி) உட்பகுதிக்கும் நடுவே இருக்கும் எல்லையே அழிந்துபோகும். அப்புறம் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் ஒலி அனுப்பும் புரோபை வைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கருங்கோடுகளாக அந்தக் குழாய்களே பிரிந்து தெரியும். அதிர்வெண் கூடினால் ஒலி ஆழமாகப் போகாது என்றாலும், குழந்தையின் சிறுநீரகம் தோலுக்குச் சில சென்டிமீட்டர் அடியிலேயே இருப்பதால் இது சாத்தியமாகிறது. பெரியவர்களிடம் இவ்வளவு நுணுக்கம் கிடைப்பது கஷ்டம். இந்த நோய் கல்லீரலையும் பாதிக்கும் என்பதால் அதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

பச்சிளம் குழந்தைகளிடம் ஒரு குழப்பம் உண்டு. ஆரோக்கியமான சிறுநீரகத்திலேயே புறணி சற்று வெளுத்தும், உள்ளே இருக்கும் பிரமிடுகள் (கூம்பு வடிவத் திசுக்கள்) கருத்தும் தெரியும், பழக்கமில்லாத கண்ணுக்கு அவை நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். குழந்தைகளைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எல்லாச் சிறுநீரக நோயும் ஸ்கேனில் உடனே பிடிபடுவதில்லை. நெஃப்ரோநோஃப்திசிஸ் என்ற பரம்பரை நோயில் சிறுநீரகம் பொதுவாகப் பெருப்பதில்லை, நீர்க்கட்டிகளும் தாமதமாகவே தெரியலாம். முதலில் சொன்ன 50 சதவீத வகையிலும் சிறுவயதில் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது, கட்டிகள் வருடங்கள் போகப் போகத்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கின்றன. அதனால் பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஸ்கேன் எப்படி வந்தாலும் குழந்தையின் ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.