பிரைவேட் வீலான் போட்டபின்னும் பக்கத்து அறைக்கு வழி இருக்கும்

தங்கும் விடுதி ஒன்றில் 40 அறைகள், எல்லாவற்றுக்கும் 192.168.10.0/24 என்ற ஒரே சப்நெட் (ஐபி முகவரித் தொகுதி) என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறையின் மடிக்கணினிக்கு அடுத்த அறைக் கணினி தெரியவே கூடாது. இணையம் மட்டும் கிடைக்க வேண்டும். அறைக்கொரு வீலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்), அறைக்கொரு சப்நெட் என்று போனால் பராமரித்து மாளாது. இந்தச் சிக்கலுக்குத்தான் பிரைவேட் வீலான்: சப்நெட் ஒன்றாகவே இருக்க, வீலானை மட்டும் உள்ளுக்குள் பிரிப்பது. 2010இல் வெளியான ஆர்எஃப்சி 5517 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் சிஸ்கோவின் முறை விவரமாக இருக்கிறது.

வீலான் 100 பிரைமரி, அதாவது தாய் வீலான்; மற்றவை அதன் கிளைகள். அறைகளுக்கு 101, ஐசொலேட்டட்: அதிலுள்ள போர்ட்டுகள் தங்களுக்குள் பேசாது. வரவேற்பு மேசைக் கணினிகளுக்கு 102, கம்யூனிட்டி: அவை தங்களுக்குள் பேசும். ரவுட்டர் இருக்கும் போர்ட் ப்ராமிஸ்குவஸ், அது எல்லோரோடும் பேசும். ஒரு பிரைமரிக்கு ஐசொலேட்டட் ஒன்றுதான்.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் விடிபி (வீலான் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பகிரும் நெறிமுறை) 1 அல்லது 2 ஓடினால் முதலில் ட்ரான்ஸ்பரன்ட் மோடுக்கு மாற்றுங்கள். பிறகு 101, 102ஐ உருவாக்கி, 100இல் இரண்டையும் அசோசியேட் செய்யுங்கள். வீலான் மோடிலிருந்து எக்ஸிட் கொடுத்தால்தான் மாற்றம் அமலுக்கு வரும். அறைப் போர்ட்டுக்கு ஹோஸ்ட் மோடு, ஹோஸ்ட்-அசோசியேஷன் 100 101. ரவுட்டர் போர்ட்டுக்கு ப்ராமிஸ்குவஸ் மோடு, மேப்பிங் 100 101,102. கேட்வே (சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்) சுவிட்சிலேயே இருந்தால் இன்டர்ஃபேஸ் வீலான் 100இன் கீழும் 101, 102ஐ மேப்பிங் கொடுக்க வேண்டும். அதைத்தான் பலர் மறக்கிறார்கள். மறந்தால் அறையிலிருந்து கேட்வேக்கே பிங் போகாது.

சுவிட்சுகளை இணைக்கும் ட்ரங்க்கில் மூன்று வீலானும் போக வேண்டும். அறையின் கோரிக்கை 101இல் போகிறது, ரவுட்டரின் பதில் 100இல் வருகிறது. 100 விடுபட்டால் பதில் திரும்பாது. மாடியில் பிரைவேட் வீலான் தெரியாத 2960 சுவிட்ச் இருந்தால் இன்னும் மோசம்: அங்கே 101 சாதாரண வீலான், அறைகள் ஒன்றையொன்று தாராளமாகப் பார்க்கும்.

ஐசொலேட்டட் போர்ட்டில் ஈஎஸ்எக்ஸ்ஐ, அதாவது பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் விஎம்வேர் சர்வரைச் செருகினாலும் இதே கதிதான். உள்ளே ஒரே போர்ட் குரூப்பில் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்கள் பேசிக்கொள்வது வெளிச் சுவிட்சுக்கு வருவதே இல்லை. விஎம்வேரின் ஸ்டாண்டர்ட் சுவிட்சில் பிரைவேட் வீலான் கிடையாது. டிஸ்ட்ரிப்யூட்டட் சுவிட்ச் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு வழி பாக்கி. சுவிட்ச் தடுப்பது லேயர் 2ஐ, அதாவது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) வழியான நேரடிப் பேச்சை மட்டும். அறை 12, அறை 13இன் ஐபிக்கான பாக்கெட்டை ரவுட்டரின் மேக் முகவரிக்கு அனுப்பினால், ரவுட்டர் அதை வாங்கி 13க்கே தள்ளிவிடும். அதனால் கேட்வே இன்டர்ஃபேஸில் உள்வரும் ஏசிஎல் (பாக்கெட்டுகளுக்கான அனுமதி-மறுப்பு விதிப் பட்டியல்) கட்டாயம்: முதல் வரியில் கேட்வே ஐபிக்கு அனுமதி, அடுத்து 192.168.10.0இலிருந்து 192.168.10.0க்கு மறுப்பு, கடைசியில் மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. லோக்கல் ப்ராக்ஸி ஆர்ப்பையும் (பக்கத்து அறையின் மேக் எது என்ற கேள்விக்கு ரவுட்டரே தன் மேக்கைப் பதிலாகத் தருவது) அணைத்து வையுங்கள்.

வெறும் பிங் வைத்துச் சோதிப்பது போதாது, சுவிட்சே தடுப்பதால் ஏசிஎல் இல்லாவிட்டாலும் அது தோற்கும். இரண்டு மடிக்கணினியிலும் மற்றதன் ஐபிக்கு 255.255.255.255 மாஸ்க்குடன் கேட்வே வழியாக ரூட் சேர்த்துவிட்டுப் பிங் செய்யுங்கள். பதில் வரக்கூடாது.