மூன்றாம் தலைமுறை என்றாலே மட்டம் இல்லை

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரை என் பட்டறைக்குக் கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனையாவது தலைமுறை?" என்பதுதான். மூன்றாவது என்று சொன்னதும் முகம் வாடிவிடும். அந்த வாட்டம் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1873-இல் தொடங்கி இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை வந்தது முதல் தலைமுறை. 1956-இல் மறுபடி தயாரித்தது இரண்டாவது. 1976-இல் 80000 எஸ்ஏ என்ற வரிசை எண்ணோடு தொடங்கியது மூன்றாவது. அப்போது பீப்பாயின் மரை அங்குலத்துக்கு 20 என்பதிலிருந்து 24 ஆனது. தோட்டா போடும் ஆறு அறைகள் கொண்ட உருளையான சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் 'ஹேண்ட்' என்ற உறுப்பும் அது பிடிக்கும் பற்களும் மாறின. இதனால் பழைய உதிரி பாகம் புதியதில் பொருந்தாது. துப்பாக்கி மட்டமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

வாங்குமுன் நீங்களே பார்க்கலாம். முதலில் ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, துப்பாக்கியின் பின்புறம் இருக்கும், தோட்டாவை அடிக்கும் சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். நான்கு 'கிளிக்' கேட்கும். மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம்: மூன்றாவதில் பூட்டும் 'போல்ட்' சிலிண்டர் மேல் விழுகிறது, நான்காவதில் சுத்தியல் முழுதாக நிற்கிறது. சுத்தியல் நிற்கும் அதே நொடியில் சிலிண்டரும் பூட்டியிருக்க வேண்டும். இன்னொரு கையின் விரலைச் சிலிண்டர்மேல் லேசாக அழுத்தியபடி ஆறு அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஒரு அறையில் சுத்தியல் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்தால் சுழற்சி பிந்துகிறது. போல்ட் சீக்கிரமே விழுந்தால் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு கீறியிருக்கும்.

இரண்டாம் தலைமுறை ஒன்றை ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். பளபளவென்று இருந்தது. சுத்தியலை முழுதாக இழுத்து, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளினேன், அது விழுந்துவிட்டது. முந்தைய உரிமையாளர் யாரோ விசை இலகுவாக வேண்டும் என்று வீட்டிலேயே அரத்தால் தேய்த்திருக்கிறார். விசையின் நுனி மெல்லியது, இப்படித் தேய்த்தால் அது தாங்காது. அன்று மேசையில் இருந்த மூன்றாம் தலைமுறை ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது.

சரி, மூன்றாம் தலைமுறையில் குறையே இல்லையா? உண்டு. .45 கோல்ட் அளவுத் துப்பாக்கிகளில் சிலிண்டரின் முன்வாய் 0.456 அங்குலம் வரை இருப்பதும், பீப்பாயின் உள்விட்டம் 0.451 ஆக இருப்பதும் சகஜம். ஈயக் குண்டு வாயில் தளர்ந்து போவதால் குறி சிதறலாம். அளவுக் கம்பி வைத்துப் பாருங்கள், கண்ணால் தெரியாது. நீலப்பூச்சு மங்கினாலும் துப்பாக்கி நன்றாகவே சுடும்.

எந்தத் தலைமுறையானாலும் இதன் சுத்தியல் முனை தோட்டாவின் பிரைமர்மேலேயே, அதாவது அடிபட்டால் தீப்பற்றும் அதன் பின்பகுதிமேலேயே, நிற்கும். துப்பாக்கி தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும். ரூகர் என்ற இன்னொரு நிறுவனம் 1973-இல் தன் பிளாக்ஹாக் ரிவால்வரில் இதைத் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் பார் என்ற உறுப்பை வைத்தது, கோல்ட்டில் அது கிடையாது. ஐந்து தோட்டா மட்டும் போட்டு, சுத்தியலைக் காலி அறைமேல் இறக்கி வையுங்கள்.