‘கிறிஸ்து’ என்னும் பட்டமும் ஒரு எண்ணெய்ப் போத்தலும்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் சென்ற மாதம் சிறிய எண்ணெய்ப் போத்தலொன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவரிடம், இரண்டு நாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அதைத் தடவினாலே போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லப்பட்டதாம். காய்ச்சல் இறங்காதபோது கணவர் போய்க் கேட்டிருக்கிறார். “அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்டால் சாபம் பிடிக்கும்” என்று பதில் வந்திருக்கிறது. பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், ஏனெனில் போதகப் பணியில் நான் அதை இதற்கு முன்பும் பல லயங்களில் கேட்டிருக்கிறேன்.

‘கிறிஸ்து’ என்பது இயேசுவின் குடும்பப் பெயரன்று. அது ஒரு பட்டம். எபிரேயத்தில் ‘மாஷியாக்’, கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’, இரண்டுக்கும் எண்ணெய் பூசப்பட்டவர் என்பதே பொருள். யோவான் 1:41 மேசியா என்ற சொல்லைச் சொல்லி, அதற்குக் கிறிஸ்து என்று அர்த்தம் என அதே இடத்தில் விளக்கமும் தந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டில் ஆரோன் ஆசாரியனாகவும், சவுலும் தாவீதும் அரசர்களாகவும் எண்ணெய் வார்த்து ஏற்படுத்தப்பட்டார்கள். இஸ்ரவேலின் கடவுளை அறியாத பாரசீக மன்னன் கோரேசும் ஏசாயா 45:1இல் அபிஷேகம் பெற்றவன் என்றே அழைக்கப்படுகிறான். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்கள் வீடு திரும்ப வழி திறக்க வேண்டிய வேலை அவனுடையது. ஆகவே இந்தப் பட்டம் ஒருவர் எவ்வளவு புனிதமானவர் என்பதைவிட, எந்த வேலைக்காக ஒதுக்கப்பட்டார் என்பதையே முதலில் சொல்கிறது. (அபிஷேகம் என்றதும் நம்மவர் மனத்தில் கோயில் விக்கிரகத்தின்மேல் பால் வார்ப்பது தோன்றுவது இயல்பு, அந்த வணக்க உணர்வு அறியாமலே பிரசங்கியார் மேலும் படிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.)

அபிஷேக எண்ணெய் பற்றி யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் மிகக் கண்டிப்பாகப் பேசுகிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கறுவா 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒரு ஹின் அளவு ஒலிவ எண்ணெய் என்று கணக்குக் கொடுத்துவிட்டு, இதைப் போல வேறொன்றைச் செய்கிறவனும், அந்நியன்மேல் இதைப் பூசுகிறவனும் சமூகத்திலிருந்து அறுப்புண்டு போவான் என்கிறது. அதை விற்பதற்கு எங்கே இடம்? நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14இலும் சபையின் மூப்பர்கள்தான் வரவழைக்கப்படுகிறார்கள், விலை பேசப்படவில்லை. நானும் அப்படிப் பூசி ஜெபிக்கிறேன். மருந்தை நிறுத்தச் சொன்னதில்லை.

இயேசுவின் தலையில் எந்த ஆசாரியனும் எண்ணெய் வார்த்ததாகச் சுவிசேஷங்கள் கூறவில்லை. பரிசுத்த ஆவியினால் அபிஷேகம் பெற்றார் என்கிறது அப்போஸ்தலர் 10:38. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் ஏசாயாவின் ஏட்டை வாசித்தபோது, தரித்திரருக்கு நற்செய்தி சொல்லவும் நொறுங்குண்டவர்களை விடுவிக்கவுமே தாம் அபிஷேகம் பெற்றதாக உரைத்தார். “நீர் கிறிஸ்து” என்று பேதுரு சொன்னபோதோ, அதை யாருக்கும் சொல்லக் கூடாதென்று கட்டளையிட்டு, உடனே தாம் படவிருக்கும் பாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் தலையில் உண்மையாகவே தைலம் வார்த்தவர் பெத்தானியாவில் ஒரு பெண்; மாற்கு அவருடைய பெயரைக்கூட எழுதவில்லை. அதையும் இயேசு தமது அடக்கத்துக்கான ஆயத்தம் என்றே எடுத்துக்கொண்டார்.

இனி, அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்பதற்குக் காட்டப்படும் வசனங்களுக்கு வருவோம். கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோட மாட்டேன் என்று தாவீது தன்னைத் துரத்திவந்த சவுலைக் குகையில் கொல்லாமல் விட்டது மெய்தான். ஆனால் அதே 1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில், குகையைவிட்டு வெளியே வந்து, சவுலோடு வந்த 3,000 வீரர் இருக்கும்போதே, என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று அவனை உரக்கக் கேட்டவனும் தாவீதுதான். பின்னர் அதே தாவீது பிழை செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் “நீயே அந்த மனுஷன்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சாபம் எதுவும் நாத்தான்மேல் விழவில்லை. போதாததற்கு, 1 யோவான் 2:20 விசுவாசிகள் எல்லாருக்குமே அபிஷேகம் உண்டு என்கிறது. அப்படியானால் போத்தலை வாங்கிய சகோதரியும் அபிஷேகம் பெற்றவரே.

‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமல் இருங்கள்’ என்று மேடையில் அடிக்கடி முழங்கும் வசனம் சங்கீதம் 105:15. அதற்கு முந்தைய மூன்று வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. தொகையிற் சிறியவர்களும் பரதேசிகளுமாய், ஓர் இராச்சியத்தை விட்டு இன்னொன்றுக்கு அலைந்தவர்களை ஒடுக்கவிடாமல் கடவுள் இராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்ன வார்த்தை அது. நாடற்றவர்களுக்காக அதிகாரத்தை நோக்கிச் சொல்லப்பட்டதை, ஏழைகளின் வாயை அடைக்க அதிகாரமுள்ளவர் எடுத்துக்கொள்வது தலைகீழ்.

பிள்ளை தேறி வந்த வாரம், அந்தச் சகோதரியின் காம்பராவில் (லயத்து அறையில்) நடந்த மாலை ஜெபத்தில் 105ஆம் சங்கீதத்தை முழுவதுமாக வாசித்தோம். 13ஆம் வசனத்தில் அவருடைய மாமனார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தகப்பனுக்குப் பிறந்தவர். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனை அதன்பின் பார்க்காதவர். “ஐயா, அத இன்னொருக்கா வாசிங்க” என்றார். வாசித்தேன்.